தீக்குச்சி இல்லாத ஊரில் ஒரு காதல்

என் சரித்திர நாவல் 'சத்திரத்து மணி' வரும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு வந்துவிடும். இரண்டு வருடமாக "எப்போதுதான் வரும், அம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 27 ஃபாரம், அதாவது 432 பக்கம். கடைசி ஃபாரத்தின் இரண்டாம் புரூஃபைத் திருத்தி முந்தாநாள் அனுப்பினேன். அட்டைப்படம் முடிவாகிவிட்டது. இதற்கு அடுத்த நாவல் தரங்கம்பாடியில் நடக்கிறது. அதன் முதல் வரைவு முடிந்து மேசையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு புத்தகம் வருகிறது என்று சொல்ல இரண்டு வரி போதும். ஆனால் இந்தப் புத்தகம் தாமதமான கதையும், அந்தத் தாமதத்தில் நான் கற்றுக்கொண்டதும் சரித்திரக் காதல் கதை எழுத நினைக்கிற யாருக்காவது உதவும் என்று தோன்றுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கதை நடப்பது ஒரத்தநாட்டில், 1803-ல். அங்கே இருக்கும் முத்தாம்பாள் சத்திரத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். யானையும் குதிரையும் இழுத்துப் போகிற தேர் மாதிரி கட்டியிருக்கிறார்கள். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தான் நேசித்து இளம் வயதிலேயே இழந்த முத்தாம்பாள் என்ற பெண்ணின் நினைவாக 1802-ல் கட்டியது. சாகும் தறுவாயில் அவள் கேட்டது தன் பெயரில் ஓர் அன்னசத்திரம் என்று சொல்வார்கள். ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்று பெயர் வைத்தார் மன்னர்.

இதைக் கேட்டவுடன் யாருக்கும் ராஜாவின் காதலைத்தான் எழுதத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நூறு பக்கம் எழுதிய பிறகு நிறுத்திவிட்டேன். ராஜா பேசுகிற ஒவ்வொரு வசனமும் பொம்மலாட்டம் போல இருந்தது. மேலும், முத்தாம்பாள் உண்மையில் வாழ்ந்த பெண். அவள் வாயில் என் வசனங்களைத் திணிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சரபோஜி 1801-ல் எழுதிய ஒரு கடிதத்தைப் படித்தேன். தஞ்சையில் கிழக்கிந்தியக் கும்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக, இருந்த பெஞ்சமின் டோரினுக்கு எழுதியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1799 உடன்படிக்கையில், ராஜ்ஜியத்தின் நிர்வாகம் முழுவதும் கும்பெனி கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் சுற்றியிருந்த கொஞ்ச இடமும்தான். அந்த நிலையில், சத்திரங்களை மட்டுமாவது தன் கையில் விட்டுவைக்கும்படி கேட்கிறார். கேட்கும்போது அங்கே என்னென்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக விவரிக்கிறார்.

எந்தச் சாதியாக இருந்தாலும் வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமானும். நள்ளிரவு வரைக்கும் இப்படிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நள்ளிரவில் ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைப்பார்கள். மழை பெய்து வழி அடைபட்டுப் போனால் மழை விடும்வரை சோறு உண்டு. நோயாளிக்கு வைத்தியர் உண்டு, பாம்புக் கடிக்கும் ஆள் உண்டு. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சத்திரத்து வாத்தியார் பொறுப்பில் விட்டு, மூன்று வேளை சாப்பாடு போட்டு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, படிக்கவைத்து, கடைசியில் கல்யாணச் செலவையும் சத்திரமே ஏற்கும். தங்க வந்த இடத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனால், செலவெல்லாம் சத்திரத்துடையது. அதன்பின் மூன்று மாதம் அவள் அங்கேயே இருக்கலாம்.

மூன்று மாதம். இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். காதல் கதை எழுதுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டு பேர் சந்திக்க ஓர் இடம் வேண்டும், பிரிய ஒரு நாள் வேண்டும். அந்தக் காலத்துச் சட்டமே இரண்டையும் கொடுத்துவிட்டது.

என் செங்கமலம் இப்படித்தான் வந்தாள். ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வழியில் அக்காவுக்கு வலி கண்டுவிடுகிறது. துணைக்கு வந்தவள் இவள். இளம் வயதில் தாலி அறுத்தவள், அறுத்துக் கட்டாத சாதி, அதாவது கைம்பெண்ணுக்கு மறுமணம் இல்லாத சாதி. சத்திரத்தில் அரிசிக் கணக்கு எழுதி, நள்ளிரவில் மணி அடிக்கிறவன் நாயகன். அவனும் ஒரு சத்திரத்துப் பிள்ளைதான். ராமேஸ்வரம் சாலையில் பெற்றோர் இறந்துபோக, நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரத்தில் வளர்ந்தவன். எந்த ஊர், எந்தக் குலம் என்று அவனுக்கே தெரியாது. அவன் கல்யாணச் செலவுக்குச் சத்திரத்துக் கணக்கில் இடம் இருக்கிறது, ஆனால் பெண் கொடுக்க ஒரு வீடு இல்லை. இவளுக்கோ ஊர் உண்டு, குலம் உண்டு, கல்யாணம்தான் கிடையாது.

இந்த வேலையில் நான் முக்கியமாகக் கற்றது இதைத்தான். காதலுக்குத் தடை எது என்று அந்தக் காலத்தைக் கேட்க வேண்டும். நம் காலத்துத் தடையை எடுத்து அவர்களுக்கு வேட்டியும் புடவையும் கட்டிவிட்டால் அது சரித்திரக் கதை ஆகாது. 1803-ல் ஒரு பெண் "என் சுதந்திரம்" என்று பேச மாட்டாள். ஆனால் மூன்று மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணுவாள். அந்தக் கரிக்கோடு பத்துப் பக்கம் பேசுவதைப் பேசிவிடும்.

சரி, தாமதத்துக்கு வருகிறேன்.

முதல் வரைவில் ஒரு காட்சி. ஐப்பசி அடைமழை. நள்ளிரவு மணி அடித்து ஓய்ந்துவிட்டது. அக்கா படுத்திருக்கும் அறையில் விளக்கு அணைந்துபோகிறது. செங்கமலம் இருட்டில் தடவித் தடவித் தீக்குச்சியை எடுத்துக் கிழிக்கிறாள். அந்த வெளிச்சத்தில் வாசலில் அவன் நிற்பது தெரிகிறது. முதல் பார்வை. எழுதி முடித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாவல் வருகிறது என்று அறிவித்துவிட்டேன். மாதமும் சொல்லிவிட்டேன்.

வரைவைப் படித்த தோழி, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தீக்குச்சி அப்போ ஏதுடி?"

உரசினால் பற்றும் தீக்குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்தது 1826-ல். விற்பனைக்கு வந்தது 1827-ல். என் கதைக்கு இருபது வருடத்துக்கு மேல் பிந்தியது. நமக்குத் தெரிந்த சிவகாசித் தீப்பெட்டியெல்லாம் 1920களில் ஆரம்பித்த தொழில். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஒரு சொல்லை மாற்றிவிட்டுப் போகலாம் என்றால் முடியாது, காட்சியே அந்தக் குச்சியின் மேல்தான் நிற்கிறது.

சிக்கிமுக்கிக் கல் இருந்தது, அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் மூன்று நாள் அடைமழையில் பஞ்சு நமுத்துப்போகும், பொறி பிடிக்காது. அப்படியானால் மழைநாளில் நெருப்பு எங்கிருந்து வரும்? யோசித்துக்கொண்டே இருந்தபோது என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, சொன்னது ஞாபகம் வந்தது. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது, காலையில் எந்த வீட்டுக் கூரையில் முதலில் புகை தெரிகிறதோ அந்த வீட்டுக்குக் கொட்டாங்கச்சியோடு ஓடுவாராம். வறட்டித் துண்டில் நெருப்பு வாங்கி, வாயால் ஊதிக்கொண்டே வீட்டுக்கு வருவாராம். தீப்பெட்டி விற்கிற காலத்திலும், காசு செலவழிக்க வேண்டாம் என்று அப்படித்தான். அப்புறம் இன்னொன்றும் சொல்வார்: விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், உப்பும் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாளாம்.

அப்பாயி போய் முப்பது வருடம் ஆகிறது. அந்தக் கொட்டாங்கச்சிதான் என் நாவலைக் காப்பாற்றியது.

இப்போது அந்தக் காட்சி எப்படி இருக்கிறது தெரியுமா? விளக்கு அணைகிறது. அக்காவுக்கு வலி கூடுகிறது. அந்த நேரத்தில் ஊரில் எந்த வீட்டிலும் நெருப்புக் கிடைக்காது. சத்திரத்து மடைப்பள்ளி ஒன்றுதான் நள்ளிரவு வரை எரியும், அதுவும் மணி அடித்து அடங்கிவிட்டது. செங்கமலம் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு மழையில் முற்றத்தைக் கடந்து போகிறாள். சாப்பாடு கேட்டு வந்தவள் என்று நினைத்து அவன் இலையைப் போடுகிறான். அவள் சோறு வேண்டாம், நெருப்பு வேண்டும் என்கிறாள். அவன் கோட்டை அடுப்பில் சாம்பலை விலக்குகிறான். அடியில் கங்கு இருக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதை முதல்முறையாக என் கண்ணால் பார்த்ததுபோல் எழுதினேன். அவன் கங்கை எடுத்து வைக்கிறான். மழையில் அணைந்துவிடும் என்று தலைப்பாகையை அவிழ்த்து மேலே பிடித்தபடி அவளோடு நடந்து வருகிறான். இருவரும் கங்கை மாறிமாறி ஊதுகிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு காட்சிக்காக, அதன் பின்னால் வரும் பதினோரு அத்தியாயங்களைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. ஒரு வருடம் போனது அதில்தான்.

தீக்குச்சியோடு தீர்ந்துவிடவில்லை. போன மாதம் புரூஃப் பார்க்கும்போது, வேறெங்கோ ஓர் இடத்தில் "தீக்குச்சி கிழித்ததுபோல் ஒரு சிரிப்பு" என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. பொருளைத் தேடித்தேடி எடுத்தேன், உவமைக்குள் அது ஒளிந்திருந்தது. அதனால் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பொருள்களைச் சரிபார்த்த பிறகு உவமைகளைத் தனியாக ஒருமுறை சரிபாருங்கள். 'மின்னல்' இருக்கலாம், 'மின்சாரம் பாய்ந்ததுபோல்' இருக்கக் கூடாது. 'படம் பிடித்ததுபோல் மனதில் பதிந்தது' என்று 1839-க்கு முன்னால் யாருக்கும் தோன்றாது, புகைப்படம் வந்ததே அப்போதுதான். 'ரயில் மாதிரி' என்று சொல்ல 1856 வரை காத்திருக்க வேண்டும். அந்த வருடம்தான் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது.

இதற்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடதுபக்கம் பொருள், வலதுபக்கம் அது வந்த வருடம். மண்ணெண்ணெய், தபால்தலை, தக்காளி எல்லாம் அதில் உண்டு. என் சத்திரத்து ரசத்தில் முதலில் தக்காளி மிதந்தது, இப்போது புளியும் மிளகும் மட்டும்தான். சரபோஜி காலத்து அரண்மனைச் சமையல் குறிப்புகள் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று தஞ்சை சரஸ்வதி மகால் நூலக வெளியீடாகவே வந்திருக்கின்றன. சாப்பாட்டுக் காட்சி எழுதுமுன் அந்த மாதிரி ஒன்றைப் படித்துவிடுவது நல்லது. அரண்மனைச் சமையலைச் சத்திரத்துக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது என்பதும் உண்மைதான். ஆனால் எது இருந்தது என்பதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

சொற்கள் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. பழைய காலம் என்றால் தூய தமிழில்தான் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். என் கணக்குப்பிள்ளை 'ரசீது', 'குமாஸ்தா', 'ஜாப்தா' என்று பேசுவதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "இதெல்லாம் இந்தக் காலத்துச் சொல் அல்லவா?" என்று வருத்தப்பட்டார். தஞ்சை மராட்டியர் ஆட்சியில் அலுவலகத்தில் புழங்கியது இந்த மாதிரிச் சொற்கள்தான். பாரசீகத்திலிருந்து மராட்டி வழியாகவும் வேறு வழியாகவும் நமக்கு வந்தவை. 'சாவி'யும் 'அலமாரி'யும் 'ஜன்னலும்' போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தவை, அவற்றுக்கு வயது இன்னும் அதிகம். ஒரு சொல் காதுக்குப் புதிதாக இருக்கிறது என்பதற்காக அதை வெட்ட வேண்டியதில்லை. அகராதியில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். காதுக்குப் பழையதாக இருக்கிறது என்பதற்காக நம்பவும் வேண்டியதில்லை.

ஆவணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சை மராட்டியர் கணக்குகள் மோடி எழுத்தில் இருக்கின்றன. பேனாவை எடுக்காமல் கூட்டிக் கூட்டி எழுதும் மராட்டி எழுத்து அது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் எட்டு மாதம் உட்கார்ந்து படித்தேன். முழு வரியை என்னால் சரளமாகப் படிக்க முடியாது, எண்களையும் சில சொற்களையும் அடையாளம் காண முடியும். அதற்காக யாரும் தயங்க வேண்டாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மோடி ஆவணங்களின் தமிழாக்கத்தைத் தொகுதிகளாகவே வெளியிட்டிருக்கிறது. போர்களையும் பட்டாபிஷேகங்களையும் விட்டுவிட்டு, இன்னாருக்கு இத்தனை சக்கரம் (அந்தக் காலத்து நாணயம்), இன்னாருக்கு இத்தனை கலம் நெல் என்கிற வரிகளைத் தேடிப் படியுங்கள். யாருக்கு எதற்காக என்ன கொடுத்தார்கள் என்கிற ஒரு வரியில் ஒரு குடும்பமே இருக்கும். "சார், இதில் கதை எங்கே இருக்கிறது?" என்று ஆரம்பத்தில் நான் அந்த ஆசிரியரிடம் கேட்டேன். "கணக்கில் இல்லாதது எதும்மா கதை?" என்றார் அவர்.

தேதிகளில் ஒரு பெரிய குழி இருக்கிறது. நம் பழைய கணக்குகளில் வருடத்தின் பெயர்தான் இருக்கும். துந்துபி என்று போட்டிருந்தால் அது 1802-லும் தொடங்கியிருக்கலாம், அறுபது வருடம் முன்னே 1742-லும் தொடங்கியிருக்கலாம், பின்னே 1862-லும் தொடங்கியிருக்கலாம். எந்த ராஜா, யார் அதிகாரி என்று பக்கத்துச் செய்தியை வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும். என் கதை நடக்கும் ருத்ரோத்காரி வருடம் 1803 ஏப்ரலில் தொடங்குகிறது. அதே வருடம் டிசம்பரில்தான் தஞ்சைப் பெரிய கோயிலில் மராட்டிய மன்னர்களின் போன்ஸ்லே வம்சத்து வரலாற்றை மராட்டியில் கல்லில் வெட்டி முடித்தார்கள். ஒரு கல்தச்சர் கூட்டம் ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் ஒரு ராத்திரி தங்கிப் போவதாக ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறேன். ராஜவம்சத்தின் கதை கல்லில் ஏறுகிறது, அடுத்த தாழ்வாரத்தில் படுத்திருக்கிறவனுக்குத் தன் அப்பன் பெயர் தெரியாது. இதை நான் எங்கும் விளக்கவில்லை. படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நேரத்தையும் மறந்துவிடாதீர்கள். நாழிகை 24 நிமிடம், சாமம் மூன்று மணி நேரம். "ஐந்து நிமிடம் கழித்து" என்பதை எடுத்துவிட்டு "ஒரு வெற்றிலை போடும் நேரம்" என்று எழுதியபோது வசனத்தின் நடையே மாறிவிட்டது.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். திருத்தி எழுதிய பிரதியை முதலில் ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தேன். வாய்வார்த்தையாக "போட்டுவிடுகிறோம்" என்றார்கள். பதினான்கு மாதம் அங்கேயே கிடந்தது. தொலைபேசியில் கூப்பிட்டால் அடுத்த மாதம் என்பார்கள். வேறு இடத்துக்குக் கொடுக்கலாமா என்றால் அதற்கும் பதில் இல்லை. எனக்கு அந்த மாதங்கள் உண்மையிலேயே வலித்தன. கடைசியில் கடிதம் எழுதிப் பிரதியைத் திரும்பப் பெற்றேன். இப்போது போடுகிறவர்களோடு ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறது. எந்தத் தேதிக்குள் அச்சாக வேண்டும், தவறினால் உரிமை தானாக எனக்குத் திரும்பும், மின்நூலுக்கும் ஒலிநூலுக்கும் தனித்தனியே பேசிக்கொள்வது, எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்று வருடம் ஒருமுறை கணக்குத் தருவது. நாலே விஷயம்தான். புதிதாக எழுதுகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாதீர்கள். கேட்டதற்காக யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை.

தேதி சொல்வதில் இப்போது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதும்போது கதை நடக்கும் ஊரை மட்டும் சொல்வேன். திருத்தி முடித்ததும் தலைப்பைச் சொல்வேன். புரூஃப் கைக்கு வந்த பிறகுதான் மாதம். இரண்டு முறை கண்காட்சிக்கு வந்து, புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். மன்னார்குடியிலிருந்து ஒரு அம்மா பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் முகம் எனக்கு மறக்கவில்லை. இந்த முறை அவருக்கு முதல் பிரதி வீட்டுக்கே போகும்.

இனி அடுத்த புத்தகம். ஊர் தரங்கம்பாடி, வருடம் 1715. தலைப்பு இப்போதைக்குக் 'கடுதாசிப்பட்டறை'. திருத்தி முடிக்கவில்லை, ஆகவே மேலே சொன்ன வழக்கத்தை மீறித்தான் இதைச் சொல்கிறேன். இந்தத் தலைப்பை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் அங்கே கோட்டை கட்டியதும், 1845-ல் அந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றதும் பலருக்குத் தெரியும். 1706 ஜூலையில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அங்கே கப்பலிலிருந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது சுமார் 24. சில வருடங்களில் ஓர் அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரியவை. அந்த அளவில் அச்சடித்தால் காகிதம் தாங்காது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாடு தீரப் பக்கத்துப் பொறையாரில் காகிதம் செய்யும் பட்டறை ஒன்றும் போட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் கடுதாசிப்பட்டறை என்று பெயர். கந்தல் துணியை ஊறவைத்துக் கூழாக்கும் பெண் ஒருத்தி, எழுத்து வார்க்கும் இளைஞன் ஒருவன். இவ்வளவு போதும், கதையைச் சொல்லிவிட மாட்டேன்.

ஆனால் அதில் ஒரு கண்ணியை மட்டும் பகிர்ந்துகொள்கிறேன். அந்தக் காலத்து எழுத்தில் எ-வுக்கும் ஏ-வுக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் வைக்காமலே விட்டுவிடுவார்கள். வீரமாமுனிவர் மேலே சுழியும் கீழே கோடும் போட்டு வேறுபடுத்தியது பின்னால்தான். அப்படியென்றால் அவள் அனுப்பும் ஓலைநறுக்கில் ஒரே ஒரு சொல் இருக்கிறது என்று வையுங்கள். அதை 'ஏரி' என்றும் படிக்கலாம், 'எரி' என்றும் படிக்கலாம். ஏரிக்கரைக்கு வா என்கிறாளா, இதை எரித்துவிடு என்கிறாளா? அவன் எப்படிப் படித்தான் என்பதில்தான் நாவலின் இரண்டாம் பாதி இருக்கிறது. இந்த இடம் கிடைத்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தீக்குச்சி என்னைத் தடுத்து நிறுத்தி ஒரு காட்சி கொடுத்தது. இந்தப் புள்ளி, இல்லாமல் இருப்பதாலேயே ஒரு கதை கொடுத்தது.

தேதிக் குழி இங்கேயும் உண்டு, வேறு வடிவத்தில். டென்மார்க் 1700-லேயே புதிய நாள்காட்டிக்கு மாறிவிட்டது. ஆங்கிலேயர் மாறியது 1752-ல். ஆகவே 1715-ல் தரங்கம்பாடிக் கோட்டையில் ஒரு தேதி, அதே நாள் சென்னைக் கோட்டையில் அதற்குப் பதினோரு நாள் பின்தங்கிய தேதி. ஆங்கிலேயருக்கு வருடம் பிறப்பதும் மார்ச் 25-ல். சென்னையிலிருந்து காகிதமோ கடிதமோ வருகிற காட்சிகளில் இதைக் கவனிக்காமல் விட்டால், கடிதம் எழுதுவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். நான் சுவரில் மூன்று நாள்காட்டி ஒட்டியிருக்கிறேன்: ஒன்று டேனிஷ், ஒன்று ஆங்கிலம், ஒன்று தமிழ் மாதம்.

அந்தக் காலத்துத் தமிழர்களின் குரலுக்கு எங்கே போவது என்று முதலில் மலைப்பாக இருந்தது. சீகன்பால்குவும் உடன் இருந்தவர்களும் ஊர்க்காரர்களிடம் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதித் தந்த பதில்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேயில் அச்சிட்டிருக்கிறார்கள். கல்யாணம், சாப்பாடு, வைத்தியம், தெய்வம், வெள்ளைக்காரர்களின் பழக்கங்களைப் பற்றிய அபிப்பிராயம் வரை அதில் இருக்கிறது. தமிழிலிருந்து ஜெர்மனுக்குப் போய், வேறு மொழி வழியாக நம்மிடம் திரும்பி வருகிற குரல்கள். வசனம் எழுதும்போது அவற்றிலிருந்து கருத்தை எடுத்துக்கொள்கிறேன், நடையைத் தஞ்சைப் பக்கத்துப் பேச்சிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்போதைக்கு எனக்கு மிச்சமிருக்கும் வேலை ஒன்று. பதினேழாம் அத்தியாயத்தில் அவன் அச்சுக்கூடத்திலிருந்து பொறையார்ப் பட்டறைக்கு, ஈரக் காகிதம் காயும் முன்பு, நடந்து போக வேண்டும். எத்தனை நாழிகை ஆகும் என்று ஊகித்து எழுதியிருக்கிறேன். மழை விட்டதும் தரங்கம்பாடி போய், செருப்பில்லாமல், கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு அந்த வழியை நடந்து பார்க்கப் போகிறேன். தோழியும் வருகிறேன் என்றிருக்கிறாள். நேரம் பார்த்து எழுதும் பொறுப்பு அவளுடையது.